பெட்டிக்குள் போன பாட்டு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

பாட்டுக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இல்லை எனலாம். டீக்கடையில் பாட்டு, பேருந்தில் பாட்டு, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டு. ஆனால் அந்தப் பாட்டு ஒரு பெட்டிக்குள் எப்படிப் போயிற்று, உள்ளே போனது திரும்பி வெளியே வருமா என்றெல்லாம் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் நினைத்துப் பார்த்தவள் அல்லள். சென்ற கோடை விடுமுறையில் என் மாமாவின் ஐபாட் பெட்டியில் இருந்த பாட்டுகளைக் கணிப்பொறிக்கு மாற்றித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். இவ்வளவு சிறிய வேலைக்கு ஒரு கட்டுரையா என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அடுத்த பக்கத்தில் நல்ல கவிதை இருக்கக்கூடும்.

என் அம்மா இளம்பெண்ணாக இருந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்ப் பாட்டுப் பதிவு செய்யும் கடையில் கொடுப்பார்களாம். அறுபது நிமிட நாடாவுக்குப் பன்னிரண்டு பாட்டு, மிஞ்சிப் போனால் பதின்மூன்று. ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாடாவைப் பக்கத்து வீட்டார் இரவல் வாங்கித் தமக்கும் ஒன்று பதிந்துகொள்வார்கள். அவர்களிடமிருந்து இன்னொருவர். நான்காவது கைக்குப் போவதற்குள் பாட்டைவிட 'உஸ்' என்ற இரைச்சலே மேலோங்கி நிற்குமாம். நாடாவில் ஒலி காந்தத்தின் ஏற்ற இறக்கமாகப் பதிகிறது. படி எடுக்குந்தோறும் நாடாவின் இரைச்சலும் கூடவே படியாகிறது. ஆயினும் ஒரு பெட்டியில் போன பாட்டு இன்னொரு பெட்டிக்கு வராது என்ற பேச்சே அன்று இல்லை. 1979-இல் சோனி நிறுவனம் வாக்மேன் என்னும் கைப்பெட்டியைக் கொண்டுவந்தபோதும் அதே நாடாதான் அதிலும் ஓடியது.

பிறகு பாட்டு எண்களாக மாறியது. 1982-இல் வந்த குறுந்தகட்டில் ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்கள் கொண்ட ஓர் இரும எண்ணாக எழுதுகிறார்கள். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. பெருக்கிப் பார்த்தால் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய பத்து மெகாபைட் ஆகிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தார் முன்னின்று உருவாக்கிய எம்பி3 என்னும் முறை அதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. இதற்கு அவர்கள் நம்பியது நம் காதின் பலவீனத்தை. தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை அல்லவா? கேளாத ஒலியை எதற்காகச் சுமக்க வேண்டும் என்று எறிந்துவிடுகிறார்கள். எறிந்தது போக மிஞ்சியவையும் எண்களே. எண்ணை எத்தனை முறை படியெடுத்தாலும் எண் தேய்வதில்லை. நூறாவது படியும் முதல் படியும் ஒன்றே. நான்காவது கையில் இரைச்சல் என்ற கதை இங்கே முடிந்துபோயிற்று.

தேயாத படி என்பது கேட்பவனுக்கு வரம். விற்பவனுக்கு வயிற்றில் புளி. 1998-இல் அமெரிக்காவில் டயமண்ட் என்ற நிறுவனம் 'ரியோ' என்ற எம்பி3 கைப்பெட்டியை வெளியிட்டது. கொள்ளளவு 32 மெகாபைட். அரைமணி நேரப் பாட்டுக்கே அது நிறைந்துவிடும். அதற்கே இசைப்பதிவு நிறுவனங்கள் அஞ்சி, தம் சங்கத்தின் மூலம் வழக்குத் தொடுத்தன. 1999 ஜூன் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒருவர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள பாட்டை வேறோர் இடத்தில் வைத்துக் கேட்பதற்காகப் படியெடுப்பது சொந்த உபயோகமே என்றனர் நீதிபதிகள். அத்தீர்ப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ரியோ தன்னுள் இருக்கும் பாட்டைக் கணிப்பொறிக்கோ வேறொரு கருவிக்கோ திருப்பி அனுப்ப இயலாது என்பதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். எனக்கு இது புதிய செய்தி. உள்ளே போகலாம், வெளியே வரலாகாது என்பது இப்பெட்டிகளுக்கு ஆரம்பத்திலேயே அமைந்துவிட்ட குணம் போலும்! எங்கள் ஊர் வாய்க்காலில் மீனுக்கு வைக்கும் பறிக்கும் இதுவே இலக்கணம்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகமாயிற்று. ஐந்து கிகாபைட் கொள்ளளவு; ஆயிரம் பாட்டு சட்டைப் பையில் அடங்கும் என்று விளம்பரம் செய்தார்கள். 'இசையைத் திருடாதீர்' என்று நான்கு மொழிகளில் அச்சிட்ட தாள் அதன்மேல் சுற்றியிருந்ததாம். கணிப்பொறியில் உள்ள ஐடியூன்ஸ் என்னும் மென்பொருள் பாட்டுகளை ஐபாடுக்கு ஏற்றும், இறக்காது. அந்த நிறுவனத்தின் இணையக் கடையில் விலைக்கு வாங்கிய பாட்டுகளை மட்டும் இறக்கிக்கொள்ள 2006-இல் வழி செய்தனர். ஒரு பெட்டி ஒரு கணிப்பொறியின் பாட்டுத் தொகுப்போடுதான் இணையும். வேறொரு கணிப்பொறியில் செருகினால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று அழுத்துகிறவர்கள் உண்டு. காரணம் இல்லாமல் செய்ததன்று. ஒருவர் பெட்டியிலிருந்து ஊரெல்லாம் இறக்கிக்கொண்டால் பாடியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் என்ன கிடைக்கும்? நம் நாட்டுச் சட்டத்திலோ, 2012-இல் செய்த திருத்தத்தின்படி, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் இருக்கிறது. ஐபாடின் காலமும் முடிந்துவிட்டது. நானோ வகை 2017-இலும், கடைசியாக இருந்த டச் வகை 2022-இலும் நிறுத்தப்பட்டன.

இனி மாமாவின் பெட்டிக்கு வருகிறேன்.

மாமா 2007-இல் துபாய்க்கு லாரி ஓட்டப் போனவர். அங்கே வாங்கியது அந்த நானோ, எட்டு கிகாபைட். 2009 ஐப்பசியில் விடுமுறைக்கு வந்தபோது, தம் கைபேசியில் அம்மாச்சியை, அதாவது என் அம்மாவின் அம்மாவை, பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போயிருக்கிறார். அம்மாச்சி நன்னிலம் பக்கத்தில் நடவுக்குப் போகிற கூட்டத்தில் முன்பாட்டுக்காரி. துபாயில் உடன் தங்கியிருந்த ஒரு நண்பர் அந்தப் பதிவுகளை எம்பி3 ஆக மாற்றி, சினிமாப் பாட்டுகளோடு சேர்த்து ஐபாடில் ஏற்றிக் கொடுத்தார். பிறகு கைபேசி தொலைந்தது. நண்பர் கணிப்பொறியை விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அம்மாச்சி 2013-இல் இறந்துபோனார். அப்போது எனக்கு எட்டு வயது. அவர் முகம் நினைவிருக்கிறது, வெற்றிலை மணம் நினைவிருக்கிறது, குரல் நினைவில்லை. அந்தக் குரல் இருந்த இடம் உலகத்தில் அந்த ஒரு பெட்டிதான். அது மாமாவின் பழைய பாஸ்போர்ட்டோடு ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது.

"பாப்பா, நீ பிசிக்ஸ்தானே படிக்கிற? இத எடுத்துக் குடு" என்றார் மாமா. நான் படிப்பது இயற்பியல். கணிப்பொறி அறிவியல் அன்று. இதை மாமாவுக்கு விளங்க வைப்பது ஐபாடைத் திறப்பதைக் காட்டிலும் கடினம். ஆனால் இயற்பியல் படித்ததனால் ஒரு பயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெட்டியின் நினைவகத்தில் எண்கள் மின்னூட்டமாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. காப்புப் பொருளால் சூழப்பட்ட மிகச் சிறிய அறைகளில் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருக்கும். காப்பு என்றாலும் அது முழுக் காப்பு அன்று. மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அவை மெல்ல மெல்லக் கசிந்துவிடும். நாடா தேய்வது காதுக்குத் தெரியும். இது தேய்வது தெரியாது. ஒருநாள் திறக்காது, அவ்வளவுதான்.

முதலில் செருகுவதற்கு ஒயர் இல்லை. பழைய ஐபாடுக்கு முப்பது ஊசி கொண்ட அகலமான முனை வேண்டும். 2012-க்குப் பிறகு அந்த நிறுவனமே வேறு முனைக்கு மாறிவிட்டதால் கடைகளில் அது அரிது. ஒரு கைபேசிக் கடையில், "இதத் தூக்கிப் போடுங்க" என்றார்கள். இன்னொரு கடைக்காரர் நல்லவர். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுப்பாட்டு ஏற்றித் தருவதாகவும், பழகியவர்கள் என்பதால் நூறு ரூபாய் போதும் என்றும் சொன்னார். பெட்டியை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கும்வரை எனக்கு மூச்சு சரியாக வரவில்லை. கடைசியில் திருவாரூரில் பழுது பார்க்கும் ஒரு சிறிய கடையில், பழைய ஒயர்கள் பாம்புக் குட்டிகளைப் போலப் பின்னிக் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிளறி அந்த ஒயரை எடுத்தேன். அறுபது ரூபாய்.

அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணிப்பொறியில் அதைச் செருகினேன். ஐடியூன்ஸை வேண்டுமென்றே நிறுவவில்லை. சிறிது நேரம் எதுவும் இல்லை. பிறகு ஐபாடின் திரையில் மின்னேற்ற அடையாளம் தோன்றியது. கணிப்பொறியிலும் ஒரு புதிய தட்டாகப் பெட்டி வந்து நின்றது. திறந்து பார்த்தால் நாட்காட்டி, முகவரிகள், குறிப்புகள் என்று சில உறைகள். பாட்டு ஒன்றுகூட இல்லை! ஐபாடின் திரையிலோ ஆயிரத்துச் சொச்சம் பாட்டு என்று காட்டுகிறது.

பாட்டு இருந்தது; மறைத்து வைக்கப்பட்டிருந்தது. விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்ததும் 'ஐபாட் கண்ட்ரோல்' என்றொரு உறை மங்கலாகத் தெரிந்தது. அதனுள் 'மியூசிக்'. அதனுள் எஃப்00, எஃப்01, எஃப்02 என்று வரிசையாக உறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பாட்டுகள். ஆனால் பெயர்கள்? கே-எக்ஸ்-கியூ-பி, டபிள்யூ-ஆர்-டி-இசட் என்று வாயில் நுழையாத நான்கு நான்கு எழுத்துகள். பாட்டுகளைக் கலைத்துப் பல உறைகளில் போட்டு, பெயரையும் மாற்றிவிடுகிறது அந்தப் பெட்டி. எந்தப் பாட்டு எங்கே என்ற கணக்கைத் தன் தனிப் பேரேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஆராய்ச்சியெல்லாம் பிறகு என்று, முதலில் அந்த மியூசிக் உறையை அப்படியே கணிப்பொறிக்குப் படியெடுத்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் மின்சாரம் நிற்கக்கூடாதே என்று அம்மா மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தார். மடிக்கணிப்பொறியின் மின்கலம் செத்து இரண்டு ஆண்டாகிறது. ஆகையால் அந்த வேண்டுதல் அவசியமாகவே இருந்தது.

மொத்தம் 1,146 கோப்புகள். பெயர் போய்விட்டதே, ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டுமோ என்று மலைத்தேன். தேவைப்படவில்லை. எம்பி3 கோப்பின் உடலுக்குள்ளேயே அதன் பெயரை எழுதி வைக்க ஒரு வழி இருக்கிறது. 1996-இல் வந்த பழைய முறையில் கோப்பின் கடைசி 128 பைட்டுகள் இதற்கென ஒதுக்கப்பட்டன: பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4 என்று பங்கீடு. பிந்திய முறையில் கோப்பின் தலைப்பிலேயே வேண்டிய அளவு எழுதலாம். வெளியே சட்டையை மாற்றினாலும் உள்ளே பச்சை குத்தியது போகாது என்பது போலத்தான். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் அந்த உள்பெயரைப் படித்து வெளிப்பெயராக மாற்றிக் கொடுத்தது. ஒரே அழுத்தலில் இளையராஜாவும் எம்.எஸ்.விஸ்வநாதனும் திரும்பி வந்தார்கள். ஆனால் பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாதிப் பாட்டுகளுக்கு ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் இருந்தது. அந்த நண்பர் பாட்டுகளை எங்கிருந்து இறக்கினார் என்பது இதனால் தெரிகிறது. சுசீலாவின் பாட்டுக்கு இணையதளத்தானா பாடகன்? என்ன துணிச்சல்!

1,123 பாட்டுகள் பெயர் பெற்றுவிட்டன. இருபத்து மூன்று மட்டும் நான்கு எழுத்தோடு நின்றன. உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடையில் விற்காத, யாரும் வெளியிடாத பாட்டுக்கு யார் பெயர் எழுதுவார்கள்? ஐபாடின் திரையில்கூட அவை வெறும் பதிவு எண்களாகவே இருந்தன.

இரவு வேலையெல்லாம் முடிந்தபின் அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். முதலில் ஒரு இருமல். பிறகு மாமாவின் குரல்: "ம், பாடும்மா." பிறகு அம்மாச்சி: "சோத்து நேரத்துல என்னத்தடா பாடச் சொல்ற?" அதற்கப்புறம் பாட்டு.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பின், "போன்ல பேசுற மாதிரி இருக்கு" என்றார். அதற்கும் காரணம் உண்டு. அக்காலக் கைபேசிகள் குரலை விநாடிக்கு 8,000 முறையே அளந்தன. ஆகையால் ஏறக்குறைய 3,400 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி அதில் ஏறாது. பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. குறுந்தகட்டில் இருபதாயிரம் ஹெர்ட்சு வரை பதியும். இதை அம்மாவிடம் சொன்னேன். "இதெல்லாமா சொல்லித் தர்றாங்க ஒங்க காலேஜில?" என்று கேட்டுவிட்டு, "அடுத்ததப் போடு" என்றார்.

அம்மா பாட்டுகளுக்குப் பெயர் வைத்த விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. முதலடியைச் சொல்லவில்லை. "இது பெரிய வயல் நடவு", "இது ஒங்க பெரியம்மாவக் கட்டிக் குடுத்தப்ப பாடுன நலங்கு", "இது ஒன்ன ஏணையில போட்டு ஆட்டுனது" என்று நடந்த காரியத்தையே சொன்னார். நான் அவற்றை அப்படியே தட்டெழுதினேன். நடவு ஒன்பது, தாலாட்டு ஆறு, நலங்கு இரண்டு, ஒப்பாரி ஐந்து. ஒப்பாரி ஐந்திலும் பின்னால் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று அம்மாச்சி மறுத்துவிட, மாமா வயலில் மோட்டார்க் கொட்டகைக்கு அழைத்துப் போய்ப் பாடச் சொன்னாராம். மோட்டாரை நிறுத்தச் சொல்ல அவர்கள் யார்? தண்ணீர் வேறொருவருடையது. அடியின் முடிவில் அம்மாச்சியின் குரல் தாழும்போது சொற்கள் மோட்டார் ஓசையில் முழுகிவிடுகின்றன. ஓசையைக் கூட்டிப் பார்த்தேன், மோட்டார்தான் கூடியது. கேளாத ஒலியை எறிந்துவிடுவது எம்பி3-யின் இலக்கணம் என்று மேலே எழுதினேனே, அந்தச் சொற்கள் எறியப்பட்டவற்றில் போய்விட்டன. தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதியிருக்கிறேன். அது இப்படி ஒரு காரியம் செய்யும் என்று அன்று தோன்றவில்லை.

மூன்றாவது ஒப்பாரியில் அப்படி முழுகிய ஓர் இடத்தில், அம்மா தம்மை அறியாமல் அந்தச் சொற்களைத் தாமே சொன்னார். நான் பாட்டை நிறுத்தி, மறுபடி அதே இடத்தைப் போட்டேன். மறுபடியும் சொன்னார். விடியற்காலை இரண்டு மணி வரை இப்படியே ஒவ்வோர் அடியாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். நான்கு ஒப்பாரிகள் முழுமையாயின. ஐந்தாவதில் மூன்று இடம் அம்மாவுக்கும் தெரியவில்லை.

நடவுப் பாட்டுகளில் ஒருவர் முன்னே பாட, மற்றவர் திருப்பிப் பாடுவர். 'பெரிய வயல் நடவு' என்ற பாட்டில் திருப்பிப் பாடும் கூட்டத்தில் ஒரு குரல் மட்டும் தனியாக, கொஞ்சம் உயர்ந்து கேட்கிறது. நல்ல குரல். "இது யாரும்மா?" என்றேன். அம்மா புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. "நான்தான்" என்றார். என் இருபது வயதில் அம்மா பாடி நான் கேட்டதில்லை. இப்போது எங்கள் பக்கம் இயந்திரம் வைத்து நடுகிறவர்கள் மிகுந்துவிட்டார்கள். இயந்திரத்துக்கு முன்பாட்டுக்காரி வேண்டியதில்லை.

மாமாவுக்கு 1,123 சினிமாப் பாட்டுகளையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். தம் லோடு வண்டியில் செருகிக்கொண்டார். இருபத்து மூன்றையும் தனி உறையாக அதில் வைத்திருக்கிறேன். "அது வண்டி ஓட்டுறப்ப வேணாம் பாப்பா" என்றார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை. மற்றொரு படி அக்கா வீட்டில், மற்றொன்று ஒரு குறுந்தகட்டில். ஐபாடை மின்னேற்றித் திரும்பத் தகரப் பெட்டியில் வைத்தோம்.

கணக்குப் பார்ப்பவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்: இருபத்து இரண்டுக்குத்தான் பெயர் சொன்னேன். மீதி ஒன்று ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஓடுகிறது. நடவின் மெட்டு இல்லை, தாலாட்டும் இல்லை. அம்மாவுக்குத் தெரியவில்லை, மாமாவுக்கும் எப்போது பதிந்தது என்று நினைவில்லை. அம்மாச்சியோடு நடவுக்குப் போனவர்களில் ஒரு பாட்டி பேரளத்தில் தம் மகள் வீட்டில் இருக்கிறாராம்; காது நன்றாகக் கேட்கிறதாம். பொங்கல் விடுமுறையில் மடிக்கணிப்பொறியை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன். அதுவரை அந்தப் பாட்டின் பெயர் கே-எக்ஸ்-கியூ-பி.